பதினோரு உத்திரங்களும் ஒரு புனிதரும்

போசோ ஹோந்தோ கிராமத்தில் வருஷத்துக்கு ஒன்பது மாதம் நாபோர் செலாயா இல்லாமல் ஒன்றும் நடக்காது. அவருடைய தண்ணி லாரியின் ஹாரன் கேட்டால், அடுப்பில் ரொட்டி கருகினாலும் பரவாயில்லை என்று பெண்கள் வாசலுக்கு ஓடிவருவார்கள். ஜூலையில் முதல் மழை விழுந்து முற்றத்துத் தொட்டிகள் நிரம்பட்டும், அதே பெண்கள் அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவார்கள். மனிதர்கள் அப்படித்தான். நாபோருக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த மூன்று மாதமும் உட்கார்ந்து வருத்தப்பட அவருக்கு நேரம் கிடையாது. மழை வந்தால் கரையான் வரும். கரையான் வந்தால் அவருடைய கூரை என்னாவது?

கூரை என்றால் ஏதோ கூரை இல்லை. பதினோரு உத்திரங்கள், பதினொன்றும் மலைப்பக்கத்துப் பைன். இந்தப் பாலையில் முளைப்பதெல்லாம் முள்ளும் கள்ளியும்தான், நேராக நிற்கிற மரம் வேண்டுமென்றால் விலை கொடுத்து வாங்க வேண்டும். நாபோர் இளவயதில் ஒவ்வொரு குளிர்காலமும் எல்லை தாண்டி வடக்கே போய்த் தோட்டக்கூலியாக முட்டைக்கோசு வெட்டினார். முதுகு ஒடிய வெட்டிவிட்டுத் திரும்பும்போது மலையடிவார மர அறுவை மில்லில் இறங்கி ஒரே ஒரு உத்திரம் வாங்கிவருவார். வருஷத்துக்கு ஒன்று, பதினோரு வருஷம்.

அவர் மனைவி ரமோனாவுக்கு அந்த உத்திரங்கள்தான் நாட்காட்டி. வாசல் பக்கத்திலிருந்து முதலாவது, மகள் தெல்ஃபினா பிறந்த வருஷம். நாலாவது, மாமியார் இறந்த வருஷம். ஒன்பதாவது, தெல்ஃபினா கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை. எதற்கும் நாபோர் ஊரில் இல்லை. ஏழாவது உத்திரத்தைப் பற்றி மட்டும் ரமோனா பேசமாட்டாள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு பையன் பிறந்து ஒன்பது நாள் இருந்து போய்விட்டான். கடிதம் நாபோர் கைக்குக் கிடைத்தபோது குழந்தையை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த ஏழாவது உத்திரத்துக்குக் கீழேதான் ரமோனா சிறு பீடம் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவாள்.

அதனால்தான் கரையான் விஷயத்தில் நாபோர் ராணுவத் தளபதி மாதிரி. மழைக்கு ஒரு மாதம் முன்பே விறகை வீட்டுச் சுவரிலிருந்து முப்பது அடி தள்ளி அடுக்கிவிடுவார். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் தகரக் குழாயை நீட்டிவிடுவார். வீட்டைச் சுற்றிச் சாய்வாக வாய்க்கால் வெட்டி, அடிச்சுவர் முழுக்க லாரியின் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவார். தினமும் காலையில் காப்பி குடிப்பதற்கு முன் குனிந்து குனிந்து சுவரைச் சுற்றி வருவார். கரையான் மண்பூசிக்கொண்டு ஏறுகிற கோடு விரல் நீளம் தெரிந்தாலும் போதும், கத்தியால் சுரண்டி மண்ணெண்ணெய் விடுவார். இந்த மனிதன் ஜெபமாலையைக்கூட இவ்வளவு ஒழுங்காகச் சுற்றியதில்லை என்று ரமோனா சொல்வாள்.

அந்த வருஷம் புனித இசிதோர் அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார். உழவர்களின் புனிதர். ஒரு முழ உயரத்தில், இலவம் மாதிரி லேசான மரத்தில் செதுக்கிய பழைய சுரூபம், தலையில் ஓலைத் தொப்பி. ஊருக்குக் கோயில் உண்டே தவிர அவர் அங்கே இருப்பதில்லை. ஒன்பது வீடுகள், வீட்டுக்கு ஒரு வருஷம், மே மாதத் திருவிழாவில் கைமாறுவார். ஜூன் முடிந்தும் மழை வராவிட்டால் அவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் காய்ந்த வயலில் வெயிலில் நிறுத்திவிடுவார்கள். எங்கள் பாடு உனக்கும் தெரியட்டும் என்பதுதான் அதன் பொருள். அவருக்கும் சுட்டுவிடும்போல, இரண்டு வாரத்துக்குள் மழை வந்துவிடும். அப்புறம் மேளதாளத்தோடு வீட்டுக்கு அழைத்துவருவார்கள். நாபோர் வீடு அந்த வரிசையில் சேர்ந்த பிறகு அவர் வருவது இது இரண்டாம் முறை. முந்தைய முறை ஒன்பது வருஷத்துக்கு முன்னால்.

ரமோனா அவரைத் தன் பீடத்திலேயே வைத்தாள், ஏழாவது உத்திரத்துக்குக் கீழே.

ஜூலை மூன்றாம் வாரம் ஒரு காலை. பீடத்துத் துணியில் கடுகிலும் சின்னதாக, பழுப்பாக, ஒரு சிட்டிகை மணிகள் கிடந்தன. ரமோனா மணல் என்று நினைத்துத் துடைத்தாள். மறுநாளும் கிடந்தன. அதற்கு மறுநாள் பெலீசா அக்கா வந்தாள். புனிதருக்குச் சட்டை தைப்பது, தொப்பி மாற்றுவது எல்லாம் இந்த அக்காதான். கல்யாணம் செய்துகொள்ளாதவள், அறுபது வயது. மணிகளை விரலில் ஒட்டி எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"ரமோனா, இது மணல் இல்லடி. எல்லாம் ஒரே அளவா இருக்கு பாரு. வெத."

"என்ன வெதக்கா?"

"உழவங்க சாமி கால்ல வெத விழுந்தா என்ன வெதன்னு கேப்பியா? எடுத்துக் கும்பிட்டுக்கோ."

அவ்வளவுதான். மறுவாரமே பொட்டலம் கட்டக் காகிதத்தோடு ஊர் வந்து நின்றது. ரமோனாவின் தம்பி திபூர்சியோ, அடுத்த வருஷம் புனிதரை வாங்கிக்கொள்ளப் போகிறவன், ஒரு கைப்பிடி வாங்கிப் பூசணித் தோட்டத்தில் இரண்டு பாத்தி விதைத்தான். நாபோருக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று புரியவில்லை. விழுகிறது என்னவோ உண்மை. தன் வீட்டில் ஒரு அற்புதம் நடக்கும் என்று அவர் எதிர்பார்த்ததில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் நல்ல மழை பெய்து ஓய்ந்தது. ஊரே ஈசலுக்குப் பயந்து கதவைச் சாத்தியிருந்தது. நாபோரும் சாத்தி, அடியில் ஈரத்துணியும் திணித்திருந்தார். விளக்கைப் போட்டால் ஈசல் உள்ளே பறக்கிறது. இருநூறுக்குக் குறையாது. குழம்பில் விழுந்தது, ரமோனாவின் தலையில் விழுந்தது. நாபோர் டார்ச்சோடு வெளியே ஓடிச் சுவரைச் சுற்றி வந்தார். ஒரு மண்கோடு இல்லை. ஊற்றிய எண்ணெய் ஊற்றியபடியே இருந்தது.

"எந்த வழியா வந்துச்சு?" என்று அவர் உள்ளே வந்து கேட்டார்.

"என்னைக் கேட்டா? நீங்கதான காவக்காரரு."

மறுநாளே நகரத்துக்கு லாரியில் போய் மருந்து விற்பவனைக் கேட்டார். அவன் வாய்க்காலை மூடி மருந்தைத் தரையில் ஊற்றச் சொன்னான். பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவன் வாய்க்காலை ஆழமாக்கச் சொன்னான். திபூர்சியோ சுண்ணாம்பு என்றான். நாபோர் மூடினார், திறந்தார், சுண்ணாம்பும் அடித்தார். ஈசல் வந்த வழி தெரியவில்லை, பீடத்தில் மணி விழுவதும் நிற்கவில்லை.

அந்த நேரத்தில் ஊர்க்காரன் தியோனிசியோவின் வீட்டுக் கூரை விழுந்தது. ஆள் யாருக்கும் அடி இல்லை, ஒரு பன்றிக்குட்டிதான் போயிற்று. இடிபாட்டை அள்ள நாபோர் லாரியைக் கொண்டுபோனார். விழுந்த உத்திரத்தை இரண்டு பேர் தூக்கியபோது அது நடுவில் முறிந்தது. உள்ளிருந்து படிக்கணக்கில் கொட்டியது, அதே பழுப்பு மணி.

நாபோர் அப்படியே நின்றுவிட்டார். புனிதர் இங்கேயுமா விதை கொடுத்திருக்கிறார்? தியோனிசியோ வீட்டில் புனிதர் இருந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். ஆறு வருஷம் கழித்துக் கொடுத்து, அதற்குக் கூலியாகக் கூரையையும் எடுத்துக்கொண்டாரா? அவருக்கு மண்டை காய்ந்தது. பக்கத்தில் நின்றவனிடம் கேட்டால், "சாமிய வீட்ல வச்சவனுக்கு ஒரு சோதன வரத்தான் செய்யும்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தண்ணி லாரிக்காரனுக்கு ஊரில் எந்த வீட்டு நிலைப்படி எப்படி இருக்கிறது என்று தெரியும். வீடு திரும்பும் வழியில் நாபோர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அம்பாரோ வீட்டு வாசக்கால் உளுத்து மாற்றினது. புனிதர் அங்கே இருந்திருக்கிறார். சொத்தேலோ வீட்டில் மச்சு இறங்கினது, அங்கேயும் இருந்திருக்கிறார். கடைசியில் நொரியேகா வீடு. அவர்கள் அல்லேலூயாக்காரர்கள், சுரூபத்தை வாசல்படி மிதிக்க விடமாட்டார்கள். சுவரோடு ஒட்டி விறகை அடுக்குகிற சோம்பேறிகள், வாய்க்காலாவது எண்ணெயாவது. அந்த வீட்டில் முப்பது வருஷமாக ஒரு சட்டம்கூட உளுத்ததில்லை.

நாபோர் லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டார். புனிதர் போன வீடெல்லாம் விழுகிறது, போகாத வீடு நிற்கிறது. அப்படியானால் இவர் காக்கிறாரா, கெடுக்கிறாரா? நாம் இத்தனை வருஷம் யாரிடம் மழை கேட்டோம்? பயத்தில் அவர் சிலுவை போட்டுக்கொண்டார். போட்டபிறகு அது சரியா என்றும் சந்தேகம் வந்தது.

வீட்டுக்குப் போய் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் புனிதரைத் தூக்கினார். சுரைக்குடுக்கை கனம்தான். அங்கியின் பின்பக்கம் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். வர்ணம் மட்டும்தான் இருந்தது, விரல் உள்ளே போய்விட்டது. ஓட்டையில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே என்னவோ சிறுசிறு சத்தம் கேட்டது. வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

"ரமோனா, இங்க வா."

அவள் வந்து பார்த்தாள்.

"இது வேற சாதிக் கரையான், இதுக்கு மண்ணும் வேணாம், ஈரமும் வேணாம்" என்றார் நாபோர். "காஞ்ச மரத்துக்குள்ளயே பொறந்து அங்கயே இருக்கு. ஈசலாயி வீட்டு உத்திரத்துல ஏறுது. நான் வெளிய காவல் நிக்கிறேன், நாமளே மால போட்டு உள்ள கூட்டிட்டு வந்திருக்கோம்."

"அப்ப அந்த வெத?"

"வெத இல்ல. அதோட பீ."

ரமோனா சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நாபோருக்குத் தெரியவில்லை. அவளுக்குமே தெரிந்திருக்காது.

மருந்து ஊற்றினால் வர்ணம் கரைந்துவிடும். சாமியை எரிக்கவும் முடியாது. நாபோருக்குத் தெரிந்த ஒரே வழி லாரிதான். ஜூன் மாதம், திருவிழாவில் மிஞ்சிய மெழுகுவர்த்திக் கட்டு ஒன்றை லாரிக்குள் மறந்து வைத்துப் பூட்டிவிட்டார். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் கூழாகி இருக்கை முழுக்க ஓடியிருந்தது. ஒரு தேள் உள்ளே மாட்டி அப்பளமாகக் கிடந்ததும் உண்டு. மறுநாள் உச்சி வெயிலில் புனிதரைப் போர்வையில் சுற்றி ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, கண்ணாடிகளை ஏற்றி, கதவைப் பூட்டினார். மூன்று நாள் வெயில் போதும் என்பது அவர் கணக்கு.

அவர் மறந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த ஊரில் புனிதரை வெயிலில் வைத்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

இரண்டாம் நாள் மத்தியானம் பெலீசா அக்காவும் திபூர்சியோவும், பின்னால் பத்துப் பதினைந்து பேரும் லாரியைச் சுற்றி நின்றார்கள். கண்ணாடி வழியாகப் புனிதரின் தொப்பி தெரிந்தது.

"நாபோரு, புத்தி கலங்கிப் போச்சா உனக்கு?" என்றாள் அக்கா. "காட்டாறு ரோட்டத் தாண்டி ஓடிக்கிட்டிருக்கு. இப்பப் போயி சாமிய வெயில்ல வச்சு இன்னும் மழ கேக்குறியே. ஊர முழுகடிக்கப் போறியா?"

"அதான் எனக்கும் புரியலக்கா" என்றான் திபூர்சியோ. "தண்ணி விக்கிறவரு எதுக்கு மழ கேக்கணும்?"

"அப்ப மழைய நிறுத்தச் சொல்லி உள்ள போட்டுப் பூட்டிருக்கானா?" என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

கூட்டத்தில் பாதிப் பேர் அவர் மழை கேட்கிறார் என்றார்கள், பாதிப் பேர் நிறுத்தப் பார்க்கிறார் என்றார்கள். இரண்டு பக்கமும் அவரைத்தான் திட்டியது. நாபோர் பொறுத்துப் பார்த்துவிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னார். தியோனிசியோ கூரை, அம்பாரோ வாசக்கால், விரல் போன ஓட்டை எல்லாவற்றையும். கடைசியில் விதை எது என்பதையும் சொன்னார்.

திபூர்சியோதான் முதலில் வாயைத் திறந்தான்.

"மச்சான், நான் அத ரெண்டு பாத்தி போட்டு வச்சிருக்கேன்."

"மொளச்சுதா மாப்ள?"

"சாமி வெதைய அவசரப்படுத்தக் கூடாதுன்னு அக்கா சொன்னாங்க."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். பெலீசா அக்காவின் முகம் சிறுத்துப்போயிருந்தது.

"நான் அத தெனமும் தண்ணில போட்டுக் குடிச்சேன்" என்றாள். "எனக்கு முட்டிவலி கொறஞ்சிருக்கு. அதுக்கு என்ன சொல்ற?"

அக்கா விறுவிறுவென்று நடந்து போனாள், அந்த முட்டி மடங்கி நிமிர்வதை நாபோரே பார்த்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வானம் கிழிந்தது. காட்டாறு பெருகித் திபூர்சியோவின் பூசணித் தோட்டத்தைப் பாத்தியோடு கொண்டுபோயிற்று. மழை கேட்டார் என்ற கட்சி ஜெயித்துவிட்டது. அதற்குப் பிறகு நாபோருக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. அவர் புனிதரை லாரியிலிருந்து எடுத்துவந்து, ஓட்டையை மெழுகால் அடைத்து, பழைய இடத்தில் வைத்து, காலடியில் ஒரு வெள்ளைத் தட்டை வைத்தார். காலையில் தட்டு காலியாக இருந்தால் போதும், ஊர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தார்.

காலையில் தட்டில் மணி கிடந்தது.

பெலீசா அக்கா விடிந்ததும் வந்திருந்தாள். தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "வெயில்ல வாட்டி எடுத்த. செத்த பூச்சி பீ போடுமா நாபோரு?" என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

நாபோருக்குத் தன் கையால் அழுத்திப் பார்த்தது, தன் காதால் கேட்டது எல்லாம் பொய்யோ என்று தோன்றிவிட்டது. ஊரைத் திட்டவைத்தது, தோட்டம் போனது, எல்லாம் வீணா? புனிதரைத் தூக்கி எதிர்ச்சுவரோரம் ஒரு நாற்காலியில் வைத்து, இன்னொரு வெள்ளைத் தட்டு அங்கே வைத்தார். பழைய தட்டையும் எடுக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

மறுநாள் அக்கா மறுபடி வந்தாள். ரமோனாவும் நின்றாள். புனிதரின் தட்டு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. யாரும் இல்லாத பீடத்தில், பழைய தட்டில், மணி கிடந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒன்று விழுந்து தட்டில் சத்தம் கேட்டது.

மூன்று பேரும் மேலே பார்த்தார்கள்.

நாபோர் முக்காலி போட்டு ஏறினார். உத்திரங்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டினார். ஆறாவது கட்டையாகச் சத்தம் கொடுத்தது, எட்டாவதும் அப்படியே. ஏழாவது தகர டப்பா மாதிரி ஒலித்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் புனிதர் முதல்முறை வந்தபோதே கரையான் அதில் ஏறியிருக்க வேண்டும். கத்தியைச் செருகினார், பிடிவரை போயிற்று.

"எடுத்துத்தான் ஆகணும்" என்றார். "இல்லன்னா பக்கத்து ரெண்டுக்கும் போயிரும்."

ஆனால் கீழே இறங்கவும் இல்லை, ரம்பத்தைக் கேட்கவும் இல்லை. உள்ளங்கையை உத்திரத்தில் வைத்தபடி முக்காலி மேலேயே நின்றார். அந்த வருஷம் வெட்டிய கோசின் குளிர் விரலில் திரும்ப வந்தது மாதிரி இருந்தது. பையனுக்கென்று அவர் இந்த வீட்டில் செய்தது இந்த ஒரு மரம்தான். அதையும் காவல் காக்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

ரமோனா கீழிருந்து அவர் காலைத் தொட்டாள்.

"அறுங்க" என்றாள். "நீங்க இல்லாத வருஷம் அது. எனக்கு அன்னைக்கே அது உள்ள ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சு. கீழ நின்னு மெழுகுவத்தி ஏத்துனேனே தவிர அண்ணாந்து பாத்ததில்ல."

"பையன்…"

"பையன் மேட்டுல இருக்கான். எனக்குத் தெரியும். நீங்கதான் ஒரு தடவகூட வரல."

இருபத்தாறு வருஷமாக அவள் சொல்லாத வார்த்தை அது. நாபோர் எப்போதும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லறை மேட்டுக்கு ரமோனா தனியாகவே போய்வந்திருக்கிறாள், அவர் கேட்டதுமில்லை. கூரையைக் காத்தது யாருக்காக என்று இப்போது அவருக்கு விளங்கவில்லை.

பெலீசா அக்கா கையில் ஒரு காகிதம் வைத்திருந்தாள், மணி அள்ளிப்போகத்தான் கொண்டுவந்திருந்தாள். அதை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். மூலையில் சாய்த்திருந்த ஏணியைத் தானே இழுத்து வந்தாள்.

"இதுல ஏறு. முக்காலில நின்னு உத்திரத்த அறுத்தா நீயும் சேந்து விழுவ" என்றாள். "நான் பிடிச்சிக்கிறேன்."

மத்தியானத்துக்குள் ஏழாவது உத்திரம் முற்றத்தில் கிடந்தது. நாபோர் அதை எரித்தார், நுனியில் மிஞ்சியிருந்த ஒரு முழம் நல்ல பகுதியை மட்டும் அறுத்து வெயிலில் லாரிக்குள் பூட்டி வைத்தார். மூன்று நாள் கழித்து அதைச் செதுக்கிச் சிலுவையாக்கி, மனைவியிடம் வழி கேட்டுக்கொண்டு மேட்டுக்கு நடந்தார்.